மேலதிகாரி வாக்கு மாறினார், தேவனுமா?

ஒரு சகோதரியின் கேள்வி இது, சுருக்கித் தருகிறேன். ஆறு வருடமாக ஒரே நிறுவனத்தில் வேலை. "அடுத்த அப்ரைசலில் மேனேஜர் பதவி உனக்குத்தான்" என்று மேலதிகாரி இரண்டு முறை வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். அதை நம்பி, வெளியே கிடைத்த ஒரு நல்ல வேலையை இவர் வேண்டாமென்று விட்டிருக்கிறார். கடைசியில் பதவி புதிதாக வந்த ஒருவருக்குப் போனது. அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு மட்டும் இவர் தலையில் விழுந்தது. இதற்கு நடுவே, சபையில் ஒருவர் ஜெபித்துவிட்டு, "இந்த வருடம் கர்த்தர் உன்னைத் தலையாக்குவார்" என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். இப்போது தூக்கமில்லை, வேதத்தைத் திறந்தாலே எரிச்சல். "மனுஷர் ஏமாற்றினார்கள், சரி. தேவனும் ஏமாற்றினாரா? இனி எதை நம்புவது? அங்கேயே இருக்கவா, போகவா?" என்று கேட்கிறார்.

சகோதரி, கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த எரிச்சல். இப்படி நினைப்பதே பாவமோ என்று பயப்படுகிறீர்கள். எரேமியா 15:18-ஐ எடுத்துப் பாருங்கள். "நீர் எனக்கு நம்பப்படாத ஊற்றைப்போலவும், வற்றிப்போகிற தண்ணீரைப்போலவும் இருப்பீரோ?" என்று தேவனிடமே நேராகக் கேட்கிறார் ஒரு தீர்க்கதரிசி. தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போய்ப் பார்த்தால் வெறும் மணல். நீங்கள் சொல்வதும் அதுதானே? சங்கீதம் 13-ல் தாவீது ஆறே வசனங்களுக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்கிறார். சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட விடியவில்லை. இவற்றையெல்லாம் யாரும் வேதத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை. தேவனிடம் கோபமாகப் பேசுகிறவர் இன்னும் தேவனிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். எனக்குக் கவலை, "ஸ்தோத்திரம், எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு உள்ளுக்குள் பேச்சையே நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றித்தான். நான் அப்படி ஒன்றரை வருடம் இருந்தவன்.

என் கதையில் ஒரு துண்டு மட்டும் சொல்கிறேன். எனக்கும் ஒரு பதவி கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அறிவிப்பில் வேறு பெயர் வந்த மதியம், லிஃப்டில் போக மனமில்லை. அதில் கண்ணாடி இருக்கும், தெரிந்தவர்கள் இருப்பார்கள். மாடிப்படியில் இறங்கினேன். நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் கால் ஓடவில்லை, உட்கார்ந்துவிட்டேன். படி துடைக்கிற அம்மா வாளியோடு மேலேயிருந்து வந்தார். எழுந்திருக்கப் பார்த்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. மேல்படிகளைத் துடைத்தார், நான் இருந்த படியை விட்டுவிட்டார், அடுத்த படியிலிருந்து துடைத்துக்கொண்டே கீழே போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்து எழுந்தபோது மற்ற படிகளெல்லாம் காய்ந்து பளிச்சென்று இருந்தன. என் படியில் மட்டும் காலைத் தூசி. அந்த வாரம் எனக்கு வசனம் சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது நினைவில் இல்லை. அந்தப் படி நினைவிருக்கிறது.

1 இராஜாக்கள் 19-ல் எலியா, "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிடுகிறான். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவனை இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் எலியாவோடு பேசியது அதற்குப் பிறகுதான். ஆகவே தூக்கத்தைச் சரிசெய்வதை ஆவிக்குரிய காரியமில்லை என்று ஒதுக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தால் மூன்று வாக்குகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. மேலதிகாரி சொன்னது ஒன்று, சபையில் ஒருவர் தேவனுடைய பெயரால் சொன்னது இன்னொன்று, தேவன் சொன்னது மற்றொன்று. மூன்றையும் ஒரே கணக்கில் எழுதி வைத்ததால், முதல் இரண்டும் பொய்த்தபோது மூன்றாவதும் திவாலானதுபோல் தெரிகிறது. முடிச்சை அவிழ்க்காமல் யார் என்ன ஆறுதல் சொன்னாலும் உங்களுக்கு ஒட்டாது.

மேலதிகாரியின் வாக்கை முதலில் பார்ப்போம். வாக்குத் தவறுகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகமில்லை. சிறையில் யோசேப்பு பானபாத்திரக்காரனுடைய சொப்பனத்துக்கு அர்த்தம் சொல்லிவிட்டு, வாழ்வு வரும்போது என்னை நினைத்துக்கொள் என்று கேட்டான். அந்த மனுஷன் அவனை மறந்துவிட்டான் என்று வேதம் ஒரே வரியில் சொல்லி முடிக்கிறது. அடுத்த வரி, இரண்டு வருஷம் சென்றபின்பு நடந்ததைச் சொல்கிறது. அந்த இரண்டு வருடம் யோசேப்புக்கு எப்படிப் போயிருக்கும்? அந்தப் பானபாத்திரக்காரன் கெட்டவனும் இல்லை. தன் வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் இன்னொருவன் வேலை ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான். அலுவலகங்களில் உடைகிற வாக்குகளில் பாதிக்கு மேல் இந்த ரகம் என்பது என் அனுபவம்.

யாக்கோபின் மாமன் லாபான் வேறு ரகம். ஏழு வருடம் வேலை வாங்கிக்கொண்டு ராகேலுக்குப் பதில் லேயாளைக் கொடுத்தவன், தெரிந்தேதான் செய்தான். இருபது வருடத்தில் பத்துமுறை சம்பளத்தை மாற்றினான் என்று யாக்கோபு ஆதியாகமம் 31-ல் கொட்டித் தீர்க்கிறான். பகலில் வெயிலும் இரவில் குளிரும் என்னைத் தின்றது, தூக்கம் என் கண்ணுக்குத் தூரமானது என்கிறான். அதையும் படியுங்கள், யாரோ உங்கள் டைரியைத் திருடி எழுதியதுபோல் இருக்கும். பேலிக்ஸ் என்ற அதிபதி மூன்றாவது ரகம். பவுலை அடிக்கடி கூப்பிட்டுப் பேசுவான், ஆனால் காசு கிடைக்குமா என்று பார்க்கத்தான். அப்படியே இரண்டு வருடம் இழுத்தடித்து, சிறையிலேயே விட்டுவிட்டுப் பதவி மாறிப் போய்விட்டான். இது அப்போஸ்தலர் 24-ல் இருக்கிறது.

உங்கள் மேலதிகாரி மறந்தவரா, ஏமாற்றினவரா, ஆசை காட்டி வேலை வாங்கினவரா என்பதை நிதானமாக யோசியுங்கள். அவரைத் தண்டிக்க இல்லை. எதை மன்னிக்கிறோம் என்று தெரியாமல் மன்னிக்க முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: லாபான் விஷயத்தில் தேவன் யாக்கோபிடம் "நீ பொறுமையாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. "லாபான் உனக்குச் செய்கிற யாவையும் கண்டேன்" என்றார். பதவி உயர்வு என்பது கூலி இல்லை, அது நமக்குக் கடனும் இல்லை. ஆனாலும் அதைக் காட்டி வேலை வாங்கியதைக் கண்டவர் ஒருவர் இருக்கிறார். (நிலுவையில் வைத்த சம்பளமோ போனஸோ இருந்தால் கதை வேறு. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று புதிய ஏற்பாட்டு யாக்கோபு நிருபம் 5:4 சொல்கிறது. அதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்பது மாம்சமான காரியம் இல்லை.)

இரண்டாவது வாக்குக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆழமான காயம் மேலதிகாரியால் வந்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. "தலையாக்குவார்" என்ற அந்த ஜெபத்தால் வந்தது. "வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வார்த்தை வருவது உபாகமம் 28-ல். அது ஒரு முழு ஜனத்தோடு, நிபந்தனைகளோடு செய்த உடன்படிக்கையின் பகுதி. இந்த வருடம் இன்னாருக்கு மேனேஜர் பதவி என்ற அர்த்தம் அதில் எந்த மூலையிலும் இல்லை.

எரேமியா 28-ஐ 29-ஓடு சேர்த்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களும் எடுத்துக்கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களும் இரண்டே வருடத்தில் திரும்பி வரும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவித்தான். கர்த்தர் பெயரைச் சொல்லித்தான் அறிவித்தான். எரேமியாவின் முதல் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." நல்ல செய்தி வேண்டாம் என்று யாருக்கு இருக்கும்? ஆனால் அது தேவன் சொன்னதில்லை. அனனியா அதே வருடம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். அடுத்த அதிகாரத்தில், பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தில் இருப்பது இரண்டு வருடம் இல்லை, எழுபது வருடம். வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், உங்களைக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று நாம் எல்லாரும் மனப்பாடமாய்ச் சொல்கிற 11-ஆம் வசனம் வருவது இந்த நிருபத்தில்தான். அதை முதன்முதலில் கேட்ட நாற்பது வயதுக்காரர் யாரும் திரும்பிப்போய் எருசலேமைப் பார்த்திருக்க மாட்டார். அப்படியும் அது அவருக்கு நல்ல செய்திதான். இதை ஜீரணிக்க எனக்குப் பல வருடம் ஆனது.

உங்களுக்காக ஜெபித்தவர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. அன்பில், ஆசையில், கொஞ்சம் அவசரத்தில் சொல்லியிருக்கலாம். முடிந்தால் ஒருநாள் அவரிடமே, "நீங்கள் சொன்னது நடக்கவில்லை, எனக்கு வலிக்கிறது" என்று நேராகச் சொல்லுங்கள். உண்மையான ஊழியர் என்றால் தலை குனிவார். "உன் விசுவாசம் போதவில்லை" என்று திருப்பினால், அந்தச் சுமையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

அப்படியானால் தேவன் உண்மையில் சொன்னது என்ன? ரோமர் 8:28-ஐ உங்களுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற இடத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அந்த நன்மை எது என்பது அடுத்த வசனத்திலேயே இருக்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. அதற்குச் சில வசனங்களுக்கு முன்னே, சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, ஆவியைப் பெற்ற நாமும் உள்ளுக்குள் தவிக்கிறோம் என்று பவுல் எழுதியிருக்கிறார். ஆக, "இதைவிடப் பெரிய பதவி வரும், அதற்காகத்தான் இது போனது" என்று அந்த வசனம் சொல்லவில்லை. வரலாம். வராமலும் போகலாம். எனக்கு வரவில்லை. யோசேப்பைக் காட்டி உங்களைத் தேற்றுகிறவர்கள் அரமனையில் போய் முடிப்பார்கள். பதினேழு வயதில் விற்கப்பட்டவன் முப்பது வயதில் பார்வோன் முன் நின்றான், உண்மைதான். ஆனால் எபிரெயர் 11:13, வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு, விசுவாசத்தோடே மரித்தவர்களைச் சொல்கிறது. அவர்களும் நம் ஆட்கள்தான்.

எனக்குக் கதவைத் திறந்தது எம்மாவு வழி. லூக்கா 24. இயேசு சிலுவையில் மரித்தபின், எருசலேமிலிருந்து ஏழெட்டு மைல் நடந்துபோகிற அவருடைய சீஷர் இரண்டு பேரோடு ஒருவர் வந்து சேர்கிறார். என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள், ஏன் துக்கமுகமாய் இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் சொல்கிறார்கள்: அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நாங்கள் "நம்பியிருந்தோம்". அந்த வினைச்சொல்லைப் பாருங்கள். நம்பவில்லை என்று சொல்லவில்லை, நம்புகிறோம் என்றும் சொல்லவில்லை. நம்பியிருந்தோம். ஒரு கோப்பை மூடி அலமாரியில் வைத்த சத்தம் அந்தச் சொல்லில் கேட்கிறது. நீங்கள் எழுதியதிலும் இதே வினைமுடிவு ஐந்தாறு இடங்களில் வருகிறது. நினைத்திருந்தேன், காத்திருந்தேன், ஜெபித்திருந்தேன்.

பக்கத்தில் நடந்துவருகிறவருக்கு எல்லாம் தெரியும். எருசலேமில் நடந்தது அவருக்குத்தான் நடந்தது. தெரிந்தும் "எவைகள்?" என்று கேட்டு அவர்களைச் சொல்லவிடுகிறார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை அவரிடமே, அவரைப் பற்றியே, முழுக்கச் சொல்லி முடிக்கிறார்கள். பிறகு செல்லமாகக் கடிந்துகொள்கிறார், வேதத்தை விளக்குகிறார், சாயங்காலம் ஆனதும் கூடத் தங்குகிறார், அப்பத்தைப் பிட்கிறார். அவர்கள் எதிர்பார்த்த மீட்பு கிடைத்ததா? ரோமர்கள் எங்கும் போகவில்லை. பிலாத்து அதே நாற்காலியில் இருந்தான். அவர்கள் அந்நேரமே எழுந்து, இரவென்றும் பாராமல், விட்டு வந்த அதே ஊருக்குத் திரும்பி நடந்தார்கள். ஊரில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. மரித்தவர் உயிரோடிருக்கிறார் என்பது ஒன்றுதான் புதுச் செய்தி.

கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். நம் மொழியில் "நம்பிக்கை" என்றால் ஒருவரை நம்புவதும்தான், வரப்போகிறதை எதிர்பார்ப்பதும்தான், இரண்டுக்கும் ஒரே சொல். அது ஒருவிதத்தில் வசதி. எதிர்பார்ப்பு உடையும்போது, நம்பியிருந்தது பதவியையா ஆளையா என்று அந்தச் சொல்லே நம்மைக் கேட்கிறது. என்னைக் கேட்டது, நான் பதில் சொல்லத் திணறினேன்.

சரி, அந்த ஆறு வருடம்? இரவு தங்கி முடித்துக்கொடுத்த வேலைகள், குடும்பத்தைவிட்டு இருந்த சனிக்கிழமைகள்? அவை வீண்தானா? 1 கொரிந்தியர் 15 உயிர்த்தெழுதலைப் பற்றிய அதிகாரம், 58 வசனங்கள். எக்காளம், மரணத்தின் கூர், ஜெயம் என்று ஏறிக்கொண்டே போகிற அதிகாரம் கடைசி வசனத்தில் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று" என்ற இடத்தில். கல்லறை காலியாக இருப்பதால், செய்த வேலை காலியாகப் போகாது.

இதை ஊழியத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கொலோசெயர் 3-ல், "எதைச் செய்தாலும், அதை மனுஷருக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்பது அடிமைகளுக்கு எழுதினது. பதவி உயர்வு, அனுபவச் சான்றிதழ் என்று எதுவும் இல்லாதவர்கள். எஜமானுடைய சொத்தில் சல்லிக்காசு பங்கில்லாதவர்கள். அவர்களிடம் போய், நீங்கள் கர்த்தரிடத்தில் சுதந்தரம் பெறுவீர்கள் என்கிறார் பவுல். வாரிசுரிமை! கேட்ட அடிமை நிமிர்ந்து பார்த்திருப்பான். அடுத்த வசனமே, அநியாயம் செய்கிறவன் அதற்கேற்ற பலனை அடைவான், பட்சபாதமில்லை என்கிறது. உங்களிடம் வேலை கற்றுக்கொள்கிற அந்தப் புது மேனேஜருக்கு எதையும் மறைக்காமல் கற்றுக்கொடுங்கள் என்று நான் சொன்னால் கசக்கும்தான். ஆனால் அந்த மனுஷர் உங்களை ஏமாற்றவில்லை. உங்கள் வேலையின் தரம் இனி அவருக்கோ, மேலதிகாரிக்கோ காட்டுகிற சமாசாரமும் இல்லை.

மன்னிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். மன்னிப்பதும் திரும்ப நம்புவதும் ஒன்றில்லை. யோசேப்பு சகோதரரை மன்னித்தவன்தான். ஆனாலும் தன்னை வெளிப்படுத்துவதற்கு முன் மூன்று அதிகாரங்கள் அவர்களைச் சோதித்துப் பார்த்தான். லாபானும் யாக்கோபும் கற்களைக் குவித்து, இதைத் தாண்டி நீ வராதே, நானும் வரமாட்டேன் என்று எல்லை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். "கர்த்தர் நடுநின்று கண்காணிக்கக்கடவர்" என்ற மிஸ்பா வசனத்தை இப்போது அன்பானவர்களைப் பிரியும்போது சொல்கிறார்கள். அது முதலில் சொல்லப்பட்டதோ ஒருவரையொருவர் துளியும் நம்பாத மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில்!

இருக்கவா, போகவா என்று கேட்டீர்கள். யோசேப்பால் சிறையைவிட்டுப் போக முடியவில்லை. யாக்கோபால் முடிந்தது, போனான், கர்த்தர் சொல்லியே போனான். உங்களுக்குக் கதவு பூட்டியிருக்கவில்லை. போவது அவிசுவாசம் இல்லை, இருப்பது கோழைத்தனமும் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால், மேலதிகாரியிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து, நடந்ததைக் குரல் உயர்த்தாமல் சொல்லி, இனி எனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பேன். பதிலை ஈமெயிலில் தரச் சொல்வேன். "எழுத்தில் வேண்டுமா, என்மேல் நம்பிக்கை இல்லையா" என்பார். "இருமுறை நம்பினேன் சார்" என்று சொன்னால் போதும். அதே வாரம் ரெஸ்யூமேயைப் புதுப்பிப்பேன். நீங்கள் விட்டுவிட்ட அந்த வெளிவேலைக்காரர்களிடம் இன்னொரு முறை பேசிப் பார்ப்பேன். வெட்கம்தான், ஆனால் அவர்கள் உங்களை ஒருமுறை தேர்ந்தெடுத்தவர்கள். மூன்று மாதமோ ஆறு மாதமோ ஒரு தேதி குறித்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைப்பேன். அந்தத் தேதிவரைக்கும் "ஏன் இப்படி ஆனது" என்று தினமும் தோண்ட மாட்டேன்.

ஜெபிக்க வார்த்தை வராத நாளில் சங்கீதம் 13-ஐ வாய்விட்டு வாசியுங்கள். அன்றைக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை போகப் பிடிக்கவில்லை என்றால், தாமதமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். யாராவது வேலையைப் பற்றி விசாரித்தால், "இப்போது பேச முடியவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். பாட வரவில்லையா, பாட வேண்டாம். பாட்டுப் புத்தகத்தை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்கிறவர் உங்களுக்கும் சேர்த்துப் பாடட்டும்.